குப்பி முடியவில்லை என்றால் கணக்கு தப்பு

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா சின்ன ஐஸ் ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர், இந்த மருந்தை இன்னும் பத்து நாள் வச்சுக்கலாமா? கலந்து பதினாலு நாள் ஆச்சு, அதுக்கு மேல வேண்டாம்னு காகிதத்துல போட்டிருக்கு. ஆனா உள்ள முக்கால்வாசிக்கு மேல அப்படியே கிடக்கு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கினதைக் கொட்ட மனசு வரல."

நான் ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகிறது. 31 வருஷம் நர்ஸ் வேலை, அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் வார்டில். தெருவுக்கு நான் இன்னும் சிஸ்டர்தான். காய்ச்சலா, கட்டு மாற்ற வேண்டுமா, இந்த மாத்திரை எதற்கு, எல்லாம் என் வீட்டுத் திண்ணைக்கு வரும்.

அவருடைய மகனுக்கு ஏழு வயது, எடை 20 கிலோ. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்று கண்டுபிடித்து, தினமும் இரவு ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தேன். தினசரி அளவு 0.6 மி.கி., பக்கத்தில் 1.8 ஐயூ (சர்வதேச யூனிட்) என்று எழுதியிருந்தது. குப்பியில் 4 மி.கி. இருந்தது. (வார்டில் இதை வயல் என்போம். படிக்கிறவர்கள் நெல் வயலை நினைத்துக்கொள்ளக் கூடாதே என்று குப்பி என்றே எழுதுகிறேன்.)

4 மி.கி. குப்பியில் தினம் 0.6 எடுத்தால் ஆறு நாள் முழுசாக வரும், ஏழாம் நாளுக்குக் கொஞ்சம் மிஞ்சும். பதினாலு நாள் ஊசி போட்ட பிறகும் முக்கால் குப்பி மிச்சமிருக்க வழியே இல்லை.

"எப்படி எடுக்கிறீங்க, எனக்குக் காட்டுங்க" என்றேன். அவர் இன்சுலின் சிரிஞ்சை எடுத்து, 2 என்ற கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வரை இழுத்துக் காட்டினார். "1.8 யூனிட்தானே சிஸ்டர்?"

நாலு மாதமாக அந்தப் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது சொன்ன அளவில் கிட்டத்தட்ட பதினேழில் ஒரு பங்கு. முதலில் பேனா மாதிரிக் கருவியில்தான் போட்டுக்கொண்டிருந்தார்களாம். விலை கட்டுப்படியாகாமல் பவுடர் குப்பிக்கு மாறியபோது யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. அந்த அம்மா கணக்கில் கெட்டிக்காரர், வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். அவரை ஏமாற்றியது கணக்கு அல்ல, யூனிட் என்ற ஒரு சொல்.

அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது டாக்டர் எழுதிய அளவைச் சரியாக எடுப்பதற்கான வழி. எவ்வளவு போடலாம் என்று நாமே முடிவு செய்வதற்கான வழி அல்ல.

முதலில் வளர்ச்சி ஹார்மோன் போன்ற பெப்டைடு மருந்துகள் ஏன் பவுடராக வருகின்றன என்று இரண்டு வார்த்தை. பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. இன்சுலினில் 51 மணி, வளர்ச்சி ஹார்மோனில் 191 மணி. இவ்வளவு நீளமானதைப் புரதம் என்று சொல்வார்கள், நம் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். வாயால் விழுங்கினால் பெரும்பாலானவற்றை வயிறு கறிக்குழம்பைப் போலச் செரித்துவிடும். அதனால் ஊசி. தண்ணீரில் கரைத்து நாள்கணக்கில் வைத்தால் பலவும் கெட்டுப்போகும். அதனால் உறையவைத்து ஈரத்தை எடுத்து, வெள்ளைக் கட்டியாகக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். போடும் சமயத்தில் நாம் தண்ணீர் சேர்க்கிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பம். எவ்வளவு தண்ணீர் சேர்த்தோம் என்பது சிரிஞ்சுக்குத் தெரியாது.

சிரிஞ்சில் இருக்கும் கோடு மருந்தை அளப்பதில்லை, தண்ணீரை அளக்கிறது. ஒரு ஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளரில் கரைத்தாலும் முழு டம்ளரில் கரைத்தாலும் சர்க்கரை ஒரு ஸ்பூன்தான். ஒரு மடக்கில் வாய்க்குள் போகும் சர்க்கரைதான் மாறும்.

இன்சுலின் சிரிஞ்சில் மட்டும் ஏன் யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது? அது இன்சுலினுக்கென்றே செய்த சிரிஞ்சு. ஒரு மி.லி.யில் 100 யூனிட் இன்சுலின் இருக்கும்படி தயாரித்த மருந்துக்கு (யூ-100 என்பது இதுதான்), ஒரு மி.லி. இடத்தை 100 யூனிட்டாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். வேறு மருந்தை அதில் ஏற்றினால் அந்த 'யூனிட்' வெறும் நூறில் ஒரு பங்கு மி.லி., அவ்வளவுதான். 30 கோடு என்றால் 0.3 மி.லி. அந்தக் குப்பியின் ஐயூவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இனி அந்தப் பிள்ளையின் குப்பியையே எடுத்துக்கொள்வோம். கூட வந்த தண்ணீர் 2 மி.லி.

4 மி.கி. ÷ 2 மி.லி. = ஒரு மி.லி.க்கு 2 மி.கி.

0.6 மி.கி. ÷ 2 = 0.3 மி.லி.

0.3 × 100 = 30. யூ-100 சிரிஞ்சில் 30 என்ற கோடு.

இவ்வளவுதான் கணக்கு. மருந்தைத் தண்ணீரால் வகுத்தால் அடர்த்தி. வேண்டிய அளவை அடர்த்தியால் வகுத்தால் மி.லி. அந்த மி.லி.யை 100ஆல் பெருக்கினால் கோடு. ஐயூவில் போட்டாலும் இதே விடைதான் வர வேண்டும். 4 மி.கி. என்பது 12 ஐயூ, 2 மி.லி.யில் கரைத்தால் மி.லி.க்கு 6 ஐயூ. 1.8 ÷ 6 = 0.3. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் மனசுக்கு நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. 1 மி.கி.க்கு 3 ஐயூ என்ற கணக்கு வளர்ச்சி ஹார்மோனுக்கு மட்டும். இன்சுலினில் 1 மி.கி. கிட்டத்தட்ட 29 ஐயூ. ஐயூ என்பது உடம்பில் என்ன வேலை செய்கிறது என்பதற்கான அளவு, எடை அல்ல. ஒரு மருந்தின் ஐயூவை வைத்து இன்னொன்றை மி.கி. ஆக்கக் கூடாது. பெட்டியில் இரண்டும் அச்சிட்டிருந்தால் அதை மட்டும் நம்புங்கள்.

2 மி.லி.க்குப் பதில் 1 மி.லி. தண்ணீர் விட்டிருந்தால்? மி.லி.க்கு 4 மி.கி., வேண்டியது 0.15 மி.லி., அதாவது 15ஆம் கோடு. மருந்து அதே 0.6தான். ஆனால் ஒரு மி.லி. சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு (2 யூனிட்) பிசகினால், முதல் கலவையில் 0.04 மி.கி. கூடும் அல்லது குறையும், நூற்றுக்கு ஏழு. இரண்டாவதில் 0.08, நூற்றுக்குப் பதின்மூன்று. தண்ணீர் கொஞ்சம் தாராளமாக இருந்தால் கை நடுக்கத்துக்கு மன்னிப்பு உண்டு. அதற்காக நீங்களாக 3 மி.லி. விடக் கூடாது. எவ்வளவு, எந்தத் தண்ணீர் என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் இருக்கும். அதைப் பிரிக்காமலே குப்பைக்கூடைக்கு அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கலந்தபின் மி.லி.க்கு எவ்வளவு என்று அந்தக் காகிதமே சொல்லியிருந்தால், நம் வகுத்தலை விட்டுவிட்டு அந்த எண்ணை எடுங்கள். பவுடரும் கொஞ்சம் இடத்தை அடைக்கும், சில குப்பிகளில் மருந்தைச் சற்று அதிகமாகவே அடைத்திருப்பார்கள். அதையெல்லாம் பார்த்துத்தான் அவர்கள் அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள்.

கோட்டைப் பற்றி இன்னொன்று. ஒரு மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு 2 யூனிட். அரை மி.லி. சிரிஞ்சில் ஒரு கோடு 1 யூனிட். 0.3 மி.லி. சிரிஞ்சில் சிலவற்றில் அரை யூனிட்கூட உண்டு. வார்டில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: கோட்டை எண்ணாதே, எண்ணைப் படி.

மூடியின் நிறம்

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் யூ-40. அதாவது மி.லி.க்கு 40 யூனிட். பேனாவிலும் அதன் கார்ட்ரிட்ஜிலும் வருவது யூ-100. அதனால் இரண்டு வகை சிரிஞ்சும் மெடிக்கல் ஷாப்பில் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும். சிவப்பு மூடி யூ-40, ஆரஞ்சு மூடி யூ-100. டியூப் லைட் வெளிச்சத்தில், கண்ணாடி போடாமல் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டால் அதுவும் போச்சு, சிரிஞ்சின் உடம்பில் இருக்கும் சின்ன எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

என் மாமனாருக்கு இது நடந்தது. நான் டியூட்டியில் இருந்த நேரம். சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது என்று கடையில் ஆரஞ்சு மூடி கொடுத்திருக்கிறார்கள். அவர் வழக்கம்போல 20 வரை இழுத்துப் போட்டிருக்கிறார். யூ-100 சிரிஞ்சில் 20 என்பது 0.2 மி.லி. குப்பியோ மி.லி.க்கு 40. ஆகப் போனது 8 யூனிட். ஒரு வாரம் சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. பலாப்பழம் தின்றீர்களா என்று நான் அவரைச் சந்தேகப்பட்டதுதான் மிச்சம். பாவம், மனிதர் ஒரு சுளைகூடத் தொடவில்லை.

இது குறைவாகப் போன கதை, பிழைத்தார். தலைகீழாக நடந்தால்தான் பயம். பேனா உடைந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை உறிஞ்சினால் அது அரை மி.லி. மருந்து யூ-100. உடம்புக்குள் போவது 50 யூனிட். ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை விழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. பேனா உடைந்தால் வேறு பேனா வாங்குங்கள், கார்ட்ரிட்ஜில் ஊசியைக் குத்த வேண்டாம்.

பவுடர் மருந்துக்கும் இதே கதைதான். நாம் கண்டுபிடித்த 0.3 மி.லி. ஆரஞ்சு மூடியில் 30ஆம் கோடு, சிவப்பு மூடியில் 12ஆம் கோடு. அதனால் சீட்டில் 30 என்று மட்டும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டாதீர்கள். '0.3 மி.லி., ஆரஞ்சு மூடி, 30' என்று மூன்றையும் எழுதுங்கள். இந்தச் சுற்றே வேண்டாம் என்றால் மி.லி. மட்டும் அச்சிட்ட ஒரு மி.லி. சிரிஞ்சு கிடைக்கிறது, டியூபர்குலின் சிரிஞ்சு என்று கேட்டால் தருவார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் தனியாக மாட்டும் நீடிலின் கழுத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மருந்து தங்கிவிடும். இன்சுலின் சிரிஞ்சில் நீடில் சேர்ந்தே இருப்பதால் அந்த நஷ்டம் குறைவு. விலை உயர்ந்த மருந்துக்கு இது சின்ன விஷயமில்லை.

ஏதோ நம் தெருவில் மட்டும் நடக்கிற தப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் உடல் எடை குறைக்க செமாகுளுடைடு மருந்தைக் குப்பியில் வாங்கிச் சிரிஞ்சில் எடுத்துப் போட்டவர்களில் சிலர், சொன்னதைப்போல் 5 மடங்கிலிருந்து 20 மடங்கு வரை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஜூலையில் எச்சரிக்கை விட்டது. அதில் ஒன்று நோயாளியின் தப்பே இல்லை. எழுதிக் கொடுத்தவர் மனதில் இருந்தது 0.25 மி.கி., அதாவது 5 யூனிட் கோடு. எழுதியதோ 25 யூனிட். அந்த '25' எங்கிருந்து வந்தது என்று நீங்களே ஊகிக்கலாம். செமாகுளுடைடு உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். வாந்தி ஆரம்பித்தால் ஒரு நாளில் நிற்கிற சமாச்சாரம் இல்லை.

எழுத்தில் வரும் இந்தப் பிசகைத் தவிர்க்க எங்களுக்குச் சில கட்டாயங்கள் உண்டு. புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடுவோம்: .6 அல்ல, 0.6. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போட மாட்டோம். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும். யூனிட் என்பதற்கு ஆங்கில 'யூ' எழுத்தை ஒற்றையாக எழுதினால் அது பூஜ்யமாகத் தெரியும், 4 யூனிட் 40 ஆகும். அதனால் முழுச் சொல்லாக எழுதுவோம். மைக்ரோகிராமில் எழுதியிருந்தால் முதலில் ஆயிரத்தால் வகுத்து மி.கி. ஆக்கிக்கொண்டு அப்புறம் மற்றதைத் தொடுங்கள். 250 மைக்ரோகிராம் 0.25 மி.கி. இரண்டு அளவையும் கலந்து வைத்துக்கொண்டு வகுக்க உட்கார்ந்தால் அனுபவசாலிக்கும் ஒரு சைபர் நழுவும்.

கலக்கும்போது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெளிச்சமான இடத்தில் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். குப்பியும் தண்ணீரும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். பிளாஸ்டிக் மூடியைத் தட்டியதும் தெரியும் ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள், தானாகக் காயட்டும். அவசரத்தில் வாயால் ஊதுகிறவர்கள் உண்டு. துடைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

தண்ணீர் எது என்பது முக்கியம். ஸ்டெரைல் வாட்டரில் கிருமியைத் தடுக்க எதுவும் கிடையாது. அதில் கலந்ததைப் பொதுவாக ஒரு தடவைக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது. பாக்டீரியோஸ்டாட்டிக் வாட்டர் என்பதில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் இருக்கும். அதனால்தான் பல நாள் குத்தி எடுக்கும் குப்பிக்கு அது வருகிறது. அந்தத் தண்ணீர்க் குப்பியையே திறந்து 28 நாளுக்குமேல் வைக்கக் கூடாது. பிறந்த குழந்தைகளுக்கு அது ஆகவே ஆகாது. 1980களின் தொடக்கத்தில் அந்த ஆல்கஹால் சேர்ந்த நீரால் குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்த பிறகுதான் உலகம் முழுக்க அந்தப் பாடம் வந்தது. சில மருந்துகளுக்கு வேறு பதப்பொருள் சேர்த்த தண்ணீர் கூடவே வரும். எது கூட வந்ததோ அதையே விடுங்கள். குழாய்த் தண்ணீர், கொதிக்க வைத்த தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் என்று யாராவது யோசனை சொன்னால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தண்ணீரை இழுத்தாகிவிட்டதா? நீடிலை ரப்பரின் நடுவில் குத்தி, முனையைக் குப்பியின் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் சாய்த்து, சுவரோரமாக வழிய விடுங்கள். வெள்ளைக் கட்டியின் தலையில் நேராகப் பீய்ச்ச வேண்டாம். சில குப்பிகளுக்குள் காற்றே இருக்காது, தண்ணீரைத் தானாக உறிஞ்சும். பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விடுங்கள்.

அப்புறம் குலுக்காதீர்கள். இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த முதல் வருஷம், ஆன்டிபயாட்டிக் குப்பியைக் குலுக்குகிற பழக்கத்தில் ஒரு ஹார்மோன் குப்பியை எடுத்துப் படபடவென்று ஆட்டிவிட்டேன். உள்ளே சோப்பு நுரை மாதிரி பொங்கியது. மூத்த சிஸ்டர் ஒருவர் அதை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரை அடங்கியபின் தண்ணீரில் நூல் நூலாக ஏதோ மிதந்தது. அந்தச் சங்கிலிகள் மடிந்து சுருண்டிருக்கும் விதத்தில்தான் மருந்தின் வேலையே இருக்கிறது. வேகமாக ஆட்டினால் மடிப்பு கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குப்பியை இரு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள், அல்லது மேசையில் வைத்து வட்டமாகச் சுழற்றுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் ஆகட்டுமே. பெரும்பாலானவை கரைந்தபின் குடிதண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். கலங்கல், துகள், நிறமாற்றம் இருந்தால் விலையைப் பார்க்காமல் ஒதுக்கி வையுங்கள்.

கலந்த உடனே குப்பியில் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, கலந்த தேதி, மி.லி.க்கு எவ்வளவு, தூக்கிப் போட வேண்டிய தேதி மூன்றையும் பேனாவால் எழுதுங்கள். நாளை எழுதலாம் என்று விட்டால் எந்தத் தண்ணீர் எவ்வளவு என்று மூன்றாம் நாளே மறந்துவிடும். 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் ஒவ்வொரு தடவை பால் எடுக்கும்போதும் சூடேறும், ஃபிரீஸர் ஓரத்தில் வைத்தால் உறையும். உறைந்து உருகியதைப் போடக் கூடாது.

எடுக்கும்போது, வேண்டிய அளவு காற்றை முதலில் குப்பிக்குள் செலுத்தி, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, கோடு கண்ணுக்கு நேராக வரும்படி வைத்து இழுங்கள். பெரிய குமிழி நின்றால் சிரிஞ்சைச் சுண்டி மேலே ஏற்றித் திரும்பக் குப்பிக்குள் தள்ளுங்கள். தோலுக்கு அடியில் போகும் சின்னக் குமிழியால் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் காற்று நின்ற இடத்தில் மருந்து இல்லை, அளவு குறையும். தொடை, தொப்புளை விட்டுத் தள்ளி வயிறு, பிட்டம் என்று இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் கொழுப்புக் கட்டி விழும், அல்லது குழி விழும், மருந்தும் ஒழுங்காக ஏறாது. முடிந்த ஊசியை மூடியில் திரும்பச் செருகாமல், குத்தினாலும் துளை விழாத கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுங்கள். நம் தெருக் குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கைச் சோதிக்க

போட்ட கணக்கைத் திரும்பப் போட்டால் நம் மூளை அதே தப்பை அதே இடத்தில் செய்யும். அதனால் தலைகீழாகப் போட வேண்டும். 30 கோடு என்றால் 0.3 மி.லி., மி.லி.க்கு 2 மி.கி., ஆக 0.6. சீட்டில் 0.6. பொருந்துகிறது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் விடையைச் சொல்லாமல் அவரைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். வார்டில் இன்சுலினுக்கு இரண்டு நர்ஸ் பார்ப்பது வழக்கம். எத்தனை வருஷம் சர்வீஸ் ஆனாலும் அதில் வெட்கமில்லை.

விடையை ஒரு தடவை முறைத்தும் பாருங்கள். சிரிஞ்சுக்கே கொள்ளாத அளவு வந்தாலும், கோட்டில் நிற்காத அளவுக்குச் சொட்டாக வந்தாலும் எங்கோ ஒரு பூஜ்யம் ஓடிப்போயிருக்கிறது.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது குப்பிக் கணக்கு. மொத்த மருந்தை ஒரு நாள் அளவால் வகுத்து, இது எத்தனை நாள் வர வேண்டும் என்று முதல் நாளே பிளாஸ்டரில் எழுதிவிட வேண்டும். அந்த நாளுக்கு முன்னாலேயே தீர்ந்தால் அதிகம் போகிறது. தாண்டியும் மிச்சமிருந்தால் குறைவாகப் போகிறது. சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாதா? அதே கண்தான். அந்த அம்மாவும் குப்பி முடியவில்லையே என்பதைக் கவனித்துத்தான் வந்தார். அதைச் சேமிப்பு என்று நினைத்துவிட்டார்.

கூடுதலாகப் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால், நாளைக்குக் குறைத்துச் சரிக்கட்டலாம் என்று கணக்குப் போட வேண்டாம். எவ்வளவு போனது, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள், குப்பியையும் சிரிஞ்சையும் தூக்கிப் போடாமல் கொண்டு போங்கள். இன்சுலின் என்றால் யோசிக்க நேரமில்லை. வியர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால், விழுங்கும் நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என் தம்பி மகன் ஜிம்முக்குப் போகிறவன். அவனும் ஒரு குப்பியோடு வந்தான். "அத்தை, இதுல 5 மி.கி. இருக்கு, எவ்வளவு தண்ணி விடணும், எத்தனை கோடு?" தோள்பட்டை வலிக்கு யாரோ சொல்லி, இணையத்தில் வாங்கிய பிபிசி-157 (BPC-157) என்ற பெப்டைடு. லேபிளில் மருந்து என்று இல்லை, ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் இருந்தது. தயாரித்த உரிம எண் இல்லை. மனிதர்களுக்கு மருந்தாக அங்கீகரிக்கப்படாத பொருள் அது. விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் தடைப்பட்டியலில் இருக்கிறது.

"வகுத்தல் உனக்கே தெரியும்டா. ஆனா எதை வகுக்கப் போற? இதுல 5 இருக்குன்னு யார் சொன்னது?" என்றேன். நம் கணக்கின் முதல் எண் லேபிளிலிருந்து வருகிறது. அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை என்றால், அதன்பின் தசமப் புள்ளி எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன? அந்த வெள்ளைத் தூளில் 5 இருக்கலாம், 2 இருக்கலாம், தயாரிப்பில் தங்கிய உப்பும் சேர்த்து 5 ஆகலாம், கிருமியின் நஞ்சு இருக்கலாம். கண்ணுக்கு எல்லாம் வெள்ளைதான். அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். தோள்பட்டையை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டினான் என்று அப்புறம் தம்பி சொன்னான். குப்பி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு அன்று இரவே நான் 30 வரை இழுத்துக் கொடுக்கவில்லை. நாலு மாதம் பதினேழில் ஒரு பங்கு போன உடம்புக்கு ஒரேயடியாக முழு அளவு போடலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்: எந்தச் சிரிஞ்சு, எந்தக் கோடு, எத்தனை நாள். டாக்டர் பையனைப் பார்த்துவிட்டு, தலைவலி, பார்வை மங்கல், கால் வீக்கம் வந்தால் உடனே வரச் சொல்லி, 0.6 போடச் சொன்னார். புதுக் குப்பியைக் கலக்கும்போது அந்த அம்மா என் திண்ணையில் உட்கார்ந்து, பிளாஸ்டரில் '6 நாள்' என்று எழுதி ஒட்டினார்.

ஏழாம் நாள் காலையில் போன் வந்தது.

"சிஸ்டர், கணக்குப்படி 20 கோடு மிஞ்சணும். எனக்கு 17தான் வந்துச்சு."

"நீடில்ல, குமிழில கொஞ்சம் போயிருக்கும். சரியாத்தான் எடுத்திருக்கீங்க."

"அப்ப இந்த 17ஐ என்ன பண்றது? அடுத்த குப்பியில 13 எடுத்துச் சேர்த்துக்கலாமா?"

அதையும் டாக்டரிடமே கேட்கச் சொன்னேன்.